பிரஷர் ஏறிய பிறகு என்ன செய்வது? ஏடிஎல்எஸ் பயிற்சி குறித்து ஓர் அரசு மருத்துவமனை அறுவைச் சிகிச்சையாளரின் மதிப்புரை

விபத்தில் அடிபட்டு வருபவருக்கு எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை இரண்டு அல்லது இரண்டரை நாள்களில் கற்றுத்தரும் 'அட்வான்ஸ்டு ட்ராமா லைஃப் சப்போர்ட்' (ஏடிஎல்எஸ்) பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேரலாமா என்று முதுநிலை மாணவர்களும், தாலுகா மருத்துவமனைகளில் புதிதாகப் பணியேற்ற மருத்துவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சேரலாம் என்பதே என் பதில். ஆனால், எதற்காகச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் இந்தப் பயிற்சியை விளம்பரப்படுத்துவோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மூச்சுக்குழாய் செருகவும் நெஞ்சில் தேங்கிய காற்றையும் இரத்தத்தையும் வெளியேற்றும் குழாய் (ஐசிடி) போடவும் கற்றுக்கொள்வதற்காக மட்டும் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அவற்றை நம் கேஷுவாலிட்டியிலேயே கற்றுக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் இரத்த அழுத்தம் சற்று மேலேறிய நோயாளி உண்மையில் மீண்டுவிட்டாரா, அல்லது அறுவை அரங்குக்குப் போயாக வேண்டியவரா என்று பிரித்துப் பார்க்கும் கண்ணை இந்தப் பயிற்சி தருகிறது. அதற்காகத்தான் பணம் கட்ட வேண்டும்.

பயிற்சியின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் குறையும் எளிதில் விளங்கும். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் தம் குடும்பத்துடன் ஓட்டிச்சென்ற சிறு விமானம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் நால்வரில் மூவருக்குக் கடுமையான காயம். அருகிலிருந்த சிறு ஊர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை, வயலில் தம் கையால் செய்ய முடிந்ததைக் காட்டிலும் மோசமாக இருந்ததை அவர் நேரில் கண்டார். அந்த ஆற்றாமையிலிருந்து 1978-இல் நெப்ராஸ்காவிலுள்ள ஆபர்ன் என்ற ஊரில் முதல் பயிற்சி நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடத்தப்படுகிறது. பெருநகர மருத்துவமனையை மனத்தில் வைத்து உருவானதல்ல, ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் மட்டுமே இருக்கும் சிற்றூர் மருத்துவமனைக்காக உருவானது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மேலைநாட்டு விமர்சகர்கள், பத்துப் பேர் கொண்ட குழு ஒரே நேரத்தில் வேலை செய்யும் இக்காலத்தில் ஒற்றை மருத்துவருக்கான பாடம் எதற்கு என்று கேட்கிறார்கள். இரவு டூட்டியில் ஒரு மருத்துவர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர் என்று மூவரே இருக்கும் நம் மருத்துவமனைகளுக்கு அந்தக் 'குறை'தான் பொருத்தம்.

நான் கலந்துகொண்டது பயிற்சி நூலின் பத்தாம் பதிப்பின்படி நடந்த வகுப்பு. முன்கூட்டியே புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒரு முன்தேர்வும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். விரிவுரைகள் சுருக்கமானவை. நான்கு பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் நடக்கும் செய்முறைப் பயிற்சிகளில்தான் பெரும்பகுதி நேரம் கழிகிறது. கடைசியில், காயங்கள் வரையப்பட்ட உடலோடு நோயாளியாக நடிக்கும் ஒருவரை வைத்துச் செய்முறைத் தேர்வும், நாற்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வும் நடக்கின்றன. எழுத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. சான்றிதழ் 4 ஆண்டுகளுக்குச் செல்லும். செய்முறைத் தேர்வில் பலர் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. வாய்விட்டுச் சொல்லிச் செய்யும் பழக்கம் நம்மிடம் இல்லாததால்தான். 'நான் இப்போது மூச்சுப்பாதையைப் பார்க்கிறேன், கழுத்தை அசையாமல் பிடியுங்கள்' என்று உரக்கச் சொல்வது முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் அவ்வாறு சொல்வதால்தான் அருகில் நிற்கும் செவிலியருக்கு அடுத்த பொருள் எது என்று தெரிகிறது.

அந்த வரிசை அனைவரும் அறிந்ததே: ஏ என்பது மூச்சுப்பாதை, பி என்பது சுவாசம், சி என்பது இரத்த ஓட்டம், டி என்பது நரம்பு மண்டல நிலை, இ என்பது உடையகற்றிப் பார்த்து, பின் குளிராமல் போர்த்துவது. 2025-இல் வந்த 11-ஆம் பதிப்பு இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வெளியே பீறிடும் இரத்தத்தை நிறுத்துவதை வைத்திருக்கிறது. இது காலங்கடந்து வந்த நல்ல மாற்றம். தொடை அறுபட்டு இரத்தம் பீச்சும் ஒருவருக்கு முதலில் நாக்கை இழுத்துப் பார்ப்பவர் எந்த ஊரிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

நெஞ்சுக் காயம் பற்றிய பகுதி பயிற்சியின் மிகத் தெளிவான பகுதி. நெஞ்சில் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. ஒரு குழாயும், நல்ல வலிநிவாரணமும், ஆக்சிஜனும் போதும். குழாய் போட்டவுடன் 1500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் வந்தாலோ, அடுத்த சில மணி நேரத்துக்கு மணிக்கு 200 மில்லிலிட்டர் வீதம் வந்துகொண்டே இருந்தாலோ நெஞ்சைத் திறப்பது பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும் என்று எண்ணோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். நெஞ்சுக்குள் கசிந்த காற்று வெளியேற வழியின்றி நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் அழுத்தக் காற்றுநெஞ்சில், பெரியவர்களுக்கு ஊசி குத்தும் இடம் காறை எலும்புக்குக் கீழிருந்து அக்குள் பக்கத்து நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளிக்கு மாறியது பத்தாம் பதிப்பில்தான். எக்ஸ்ரேக்குக் காத்திருந்து நோயாளியை இழக்கும் வழக்கத்தை இந்தப் பகுதி அடியோடு உடைக்கிறது.

இனி 'சி'. பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முந்தைய பதிப்புகள் இரண்டு லிட்டர் வரை உப்புநீர்க் கரைசலைத் தாராளமாக ஏற்றச் சொன்னன. பத்தாம் பதிப்பு அதை ஒரு லிட்டராகக் குறைத்து, அதுவும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு லிட்டருக்குப் பிறகு நோயாளியை மூன்றில் ஒரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அழுத்தம் ஏறி, ஏறியபடியே நிற்கும். இன்னொருவருக்கு ஏறி, சிறிது நேரத்தில் மீண்டும் சரியும். மூன்றாமவருக்கு ஏறவே ஏறாது. முதலாமவர் இழந்த இரத்தம் பதினைந்து சதவீதத்துக்கும் குறைவு என்றும், நடுவில் உள்ளவர் பதினைந்து முதல் நாற்பது சதவீதம் வரை இழந்து, இன்னும் இழந்துகொண்டிருக்கிறார் என்றும், மூன்றாமவர் நாற்பதைத் தாண்டிவிட்டார் என்றும் கணிக்க வேண்டும். அறுவை தேவைப்படுமா என்ற வரிசையில் முறையே 'தேவைப்படலாம்', 'பெரும்பாலும் தேவைப்படும்', 'மிகப் பெரும்பாலும் தேவைப்படும்' என்று எழுதியிருக்கிறது. அறுவைச் சிகிச்சையாளர் உடனே அங்கே இருக்க வேண்டுமா என்ற வரிசையில் மட்டும் மூன்று பெட்டிகளிலும் 'ஆம்' என்றே இருக்கிறது. இந்த ஓர் அட்டவணையை நம் ஒவ்வொரு கேஷுவாலிட்டியின் சுவரிலும் ஒட்டலாம்.

நம் மருத்துவமனைகளில் பறிபோகும் உயிர்களில் நான் கண்டவரை, மூன்றாம் பெட்டிக்காரர்களைவிட நடுப்பெட்டிக்காரர்களே மனத்தை அதிகம் உறுத்துகிறார்கள். மூன்றாமவரைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பதற்றம் வருகிறது, வேலை நடக்கிறது. நடுவிலுள்ளவரோ நம்மை ஏமாற்றுகிறார். லாரியில் மோதிய இரு சக்கர வாகன ஓட்டி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: அழுத்தம் எண்பது, நாடித்துடிப்பு நூற்று முப்பது, வயிற்றின் இடப்பக்கம் சிராய்ப்பு. ஒரு லிட்டர் ஆர்.எல். (உப்புநீர்க் கரைசல்) போகிறது, அழுத்தம் நூற்றுப்பத்து ஆகிறது. 'பிரஷர் வந்துவிட்டது சார்' என்று தொலைபேசியில் தகவல் போகிறது. அதைக் கேட்டு எல்லோர் தோள்களும் தளர்கின்றன, விபத்துப் பதிவேட்டில் மீதிப் பத்தியை நிரப்புகிறோம், சி.டி. ஸ்கேனுக்கு வண்டியைத் தள்ளச் சொல்கிறோம். மண்ணீரலில் இருந்த கிழிசலை மூடியிருந்த இரத்தக் கட்டி, ஏறிய அழுத்தத்தாலேயே பெயர்கிறது, ஊற்றிய நீரால் இரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் நீர்த்துப்போயிருக்கின்றன, உடல் குளிர்ந்திருக்கிறது. ஸ்கேன் மேசையில் அவர் சரிகிறார். 1994-இல் ஹூஸ்டன் நகரில், உடற்பகுதியில் ஊடுருவிய காயத்தோடு வந்த 598 பேரை வைத்து வெளியான ஆய்வில், அறுவை அரங்குக்குப் போகும்வரை நீர் ஏற்றாமல் இருந்தவர்களில் 70 சதவீதமும், உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதமும் பிழைத்தனர். அது குத்து, குண்டுக் காயங்களுக்கானது. மழுங்கிய அடிக்கும், தலைக்காயத்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ஏறிய எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிப்பதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பயிற்சி நம்மை அல்ட்ராசவுண்ட் கருவியின் பக்கம் திருப்புகிறது. கல்லீரலைச் சுற்றி, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழியில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களில் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் 'ஃபாஸ்ட்' பரிசோதனை செய்து, நிலைகுலைந்த நோயாளியின் வயிற்றில் இரத்தம் இருப்பது தெரிந்தால் ஸ்கேனுக்குப் போகாமல் நேரே வயிற்றைத் திற என்கிறது. நிலையாக இருப்பவருக்கோ அதே மண்ணீரல் கிழிசலை அறுவையின்றி வார்டில் கண்காணித்தே ஆற்றலாம். ஒரே உறுப்பு, ஒரே கிழிசல். அறுவையை முடிவு செய்வது படத்தில் தெரியும் கிழிசலின் அளவு மட்டும் அல்ல, நோயாளி சிகிச்சைக்குத் தந்த பதில்தான் முதன்மையானது. இதை எழுத்தில் படித்தபோது எனக்குள் தங்கவில்லை. நடிக்கும் நோயாளியின் அழுத்தத்தை ஆசிரியர் வேண்டுமென்றே ஏற்றி இறக்கிக் காட்டியபோதுதான் தங்கியது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இரத்த இழப்பை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் புகழ்பெற்ற அட்டவணை. நாடித்துடிப்பு, அழுத்தம், மனநிலை மூன்றும் படிப்படியாகக் கைகோத்து மாறும் என்று அது சொல்கிறது. ஜெர்மனியின் விபத்துப் பதிவேட்டிலிருந்த 36,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 2013-இல் சரிபார்த்தபோது, பத்தில் ஒருவரைக்கூட அந்த அட்டவணையின் எந்த வகுப்பிலும் முழுமையாகப் பொருத்த முடியவில்லை. பத்தாம் பதிப்பில் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவைச் சேர்த்துச் சற்றுச் சீர்படுத்தியிருக்கிறார்கள். இருந்தும், தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்யும் இளைஞர்கள், நாடி தொண்ணூறு என்பதால் இழப்பு குறைவு என்று கேஷுவாலிட்டியில் நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம்.

இரண்டாவது, ஆதாரம். இந்தப் பயிற்சி மருத்துவர்களின் அறிவையும் திறனையும் உயர்த்துகிறது என்பதற்குச் சான்று உண்டு. இறப்பைக் குறைக்கிறது என்பதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுச் சான்று எதுவும் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டுத் திறனாய்வு சொன்னது. ஒப்பிட்டுப் பாருங்கள்: இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான ஊசிமருந்து, 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, இறப்பை 16.0 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைத்தது என்று 2010-இல் நிரூபிக்கப்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் என்பது அடுத்த ஆண்டு தெளிவாயிற்று. இவ்வளவு விலையுள்ள ஒரு பயிற்சிக்கும் அதே அளவுகோலை வைப்பதுதானே முறை?

மூன்றாவது, காயங்களின் வகை. பயிற்சிக் கதைகளில் காரின் ஸ்டியரிங்கில் மோதியவர்களும் துப்பாக்கிக் குண்டு பட்டவர்களும் நிறைய வருகிறார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தலைக்கவசமின்றி விழுந்தவரின் மண்டையோட்டுக்குள் இரத்தக்கட்டி, ஒன்றரை லிட்டர் வரை இரத்தத்தை உள்ளேயே விழுங்கும் தொடையெலும்பு முறிவு, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதால் கணையத்திலும் முன்சிறுகுடலிலும் ஏற்பட்டு இரண்டாம் நாளில்தான் தலைகாட்டும் கிழிசல், பின்சீட்டில் அமர்ந்த பெண்ணின் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை நெரித்த காயம் ஆகியவை நம் அன்றாடம். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிவும் குதிகால் எலும்பு முறிவும் சேர்ந்தே வரலாமென்று நமக்குத் தெரியும். தை மாதத்தில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் பணிபுரிபவர்கள் மாட்டுக் கொம்பு குத்திய வயிற்றையும் தொடையிடுக்கையும் பார்க்காமல் இருக்க முடியாது. வெளியே சிறு துளையாகத் தெரியும் கொம்புக்காயம் உள்ளே எவ்வளவு தூரம் கிழித்துச் சென்றிருக்கிறது என்பதை விரலால் அளக்க முயல்பவர் ஏமாறுவார். இவற்றையெல்லாம் நம் ஊர் ஆசிரியர்கள் வாய்மொழியாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். கேள்வித்தாள் மட்டும் அமெரிக்காவிலேயே இருக்கிறது.

இடுப்பெலும்பு முறிவுக்கான கட்டுப்பட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அந்த அரைமணி நேரச் செய்முறை மட்டுமே பயிற்சிக் கட்டணத்தில் கால்வாசிக்கு ஈடாகும். விற்பனைக்கு வரும் பட்டை இல்லாவிட்டால் மடித்த படுக்கை விரிப்போ வேட்டியோ போதும். ஆனால் அதை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கட்டாமல், தொடையெலும்பின் பக்கவாட்டு முட்டு தட்டுப்படும் மட்டத்தில் கட்ட வேண்டும். நான் பார்த்த விரிப்புக்கட்டுகளில் பெரும்பாலானவை ஒரு சாண் மேலே ஏறித்தான் இருந்தன.

அறுவை அரங்குக்குள் நடப்பதைப் பற்றிப் பயிற்சி ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை. அது அதன் எல்லைக்கு வெளியே என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், 1993-இல் பிலடெல்ஃபியாவிலிருந்து ரொட்டோண்டோவும் ஷ்வாபும் குழுவினரும் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவிய சேதக் கட்டுப்பாட்டு அறுவை முறைக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம். குளிர்ச்சி, அமிலத்தன்மை, இரத்தம் உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் நோயாளியிடம் குடலைச் சீராகத் தைத்து முடிக்க முயலாமல், இரத்தப்போக்கைத் துணியடைத்து நிறுத்தி, குடல் கசிவைக் கட்டி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐசியூவில் சூடேற்றி, ஓரிரு நாள் கழித்து மீண்டும் திறந்து சரிசெய்வது அம்முறை. எங்களைப் போன்ற மாவட்ட மருத்துவமனைகளுக்கு இதுவே சரியான முதல் அறுவை. துணியடைத்து மூடிய வயிற்றோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர், திறக்காத வயிற்றோடு அனுப்பப்படுபவரைவிடப் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இடமாற்றம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உன்னால் செய்ய முடியாத அறுவை தேவை என்று தெரிந்த நிமிடத்தில் மேல்மருத்துவமனையைக் கூப்பிடு, அங்கே பயன்படப்போகாத பரிசோதனைக்காக இங்கே காலம் கடத்தாதே என்கிறது அது. நடைமுறையில், 'சி.டி. எடுத்துவிட்டு அனுப்புங்கள்' என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. கேட்பார்கள் என்று பயந்து முன்கூட்டியே எடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அனுப்புவதற்குக் காரணம் பணம் என்று சொல்லும் காலம் இங்கே பெருமளவு போய்விட்டது. 2008-இல் வந்த 108 சேவையும், 2021 டிசம்பரில் தொடங்கி, விபத்துக்குப் பின்னான முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 81 சிகிச்சை முறைகளுக்குத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை இலவசமாக்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் வாகனத்தையும் செலவையும் பார்த்துக்கொள்கின்றன. எஞ்சியிருப்பது முடிவெடுப்பது மட்டுமே. ஏறிய அழுத்தத்தை நம்பி நடுப்பெட்டி நோயாளியை இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுவதா, இங்கேயே வயிற்றைத் திறப்பதா என்ற முடிவு அது.

தலைக்காயப் பகுதி சுமார்தான். இரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் ஒருமுறைகூடச் சரிய விடாதே என்ற பாடம் நன்று. நரம்பியல் அறுவைச் சிகிச்சையாளர் தொலைவில் இருக்கையில் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியதால் கண்மணி விரிந்து வரும் நோயாளிக்கு என்ன செய்வது என்பதற்கு அதில் போதிய விடை இல்லை.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஹவுஸ் சர்ஜனுக்கு அது ஏறத்தாழ ஒரு மாத உதவித்தொகை என்பதால் அவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அறுவைச் சிகிச்சை, எலும்பியல், மயக்கவியல், அவசர மருத்துவம் ஆகிய துறைகளில் முதலாண்டு முதுநிலை மாணவர்களும், தாலுகா மருத்துவமனையில் தனியாக இரவு டூட்டி பார்ப்பவர்களும் சேரலாம். ஐந்துக்கு நான்கு புள்ளிகள் தருவேன். மருத்துவர் மட்டும் படித்துவிட்டு வந்தால் அருகில் நிற்கும் செவிலியருக்கு அந்த வரிசை தெரியாமல் போவதற்காகவே ஒன்றைக் குறைத்தேன். செவிலியர்களுக்கென்று இதே வழியில் தனிப் பயிற்சி உண்டு. உங்கள் மருத்துவமனை நிர்வாகம் ஒருவருக்கு மட்டும்தான் பணம் தரும் என்றால், கேஷுவாலிட்டியில் மூத்த ஸ்டாஃப் நர்ஸை முதலில் அனுப்பும்படி கேளுங்கள். சேர்பவர்கள் 11-ஆம் பதிப்புப் புத்தகம் தரப்படுகிறதா என்று பணம் கட்டுமுன் உறுதிசெய்துகொள்வது நல்லது. இரத்த ஓட்ட அத்தியாயத்தையும் இடமாற்ற அத்தியாயத்தையும் படித்து முடிக்காமல் வகுப்புக்குப் போக வேண்டாம்.